ரூமில் மூத்தவன் வாங்கித் தந்த சிம்

ஏட்டு நடேசன் சிரித்துக்கொண்டே வந்ததுதான் அருள்பாண்டிக்குப் பிடிக்கவில்லை. பின்னே? சிரிக்கிற போலீஸை எவன் நம்புவான்!

"நீ சாட்சிதாம்பா. கேக்கறதுக்கு உண்மையச் சொல்லிட்டு போய்க்கினே இரு."

சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி வேலைக்கு வந்த ஆறு பேர் தங்கும் அருள்பாண்டியின் ரூமில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவனின் ஆதாரை வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரன் வாங்கி வைத்துக்கொள்வான். அதனால் ரூமில் மூத்தவன் தன் பெயரில் விரல் வைத்து அவனுக்கு சிம் வாங்கித் தருவான். கோவில்பட்டித் தளவாய்க்கு அப்படி வாங்கித் தந்தவன் அருள்பாண்டி. அதே நம்பரோடுதான் தளவாய் வெல்டர் வேலைக்கு ஐரோப்பா போனான். பன்னிரண்டு நாளாக அவனிடமிருந்து பேச்சுமூச்சில்லை. அவன் அம்மா சொர்ணம்மாள் தினமும் அருள்பாண்டிக்குப் போன் போட்டு அழுகிறாள்.

இப்போது அவன் போன நாட்டிலிருந்து போலீஸுக்குக் கடிதம். தளவாய் குடியிருந்த வீட்டில் ஒருத்தன் குண்டு வழக்கில் மாட்டிவிட்டானாம். தளவாயின் நம்பரைப் பற்றி அருள்பாண்டியை விசாரிக்க வேண்டுமாம்.

"மத்த கேஸுன்னா இந்த மாதிரி லெட்டர் வந்து சேரவே ரெண்டு வருஷம் ஆவும். தீவிரவாதம்னு எழுதிட்டா பத்தே நாளு. அவங்களுக்கு நாம ஒதவி, நமக்கு அவங்க ஒதவி. இப்ப எல்லாம் அப்படித்தான்" என்றார் நடேசன், பெருமையாக.

பத்தே நாளா! அப்படி என்ன அவசரம்? தளவாயைத் தூக்கிவிட்டார்கள், அவனைக் கட்டிப்போட என் வாயிலிருந்தே கயிறு கேட்கிறார்கள் என்று அருள்பாண்டி முடிவுகட்டினான். ஆமாம், நான் வாங்கித் தந்த சிம்தான் என்றால் அவன் தொலைந்தான், கூடவே நானும்.

கோர்ட்டில் வீடியோ விசாரணைக்குத் திரை வைத்திருந்தார்கள். திரைக்குள் கேள்வி கேட்க அந்த நாட்டு வெள்ளைக்கார அம்மா ஒருத்தர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் இலங்கைத் தமிழர். "இந்த நம்பரை நீங்கள் ஆருக்காவது வாங்கிக் குடுத்தனீங்களோ?"

எவ்வளவு நைசாகக் கேட்கிறார்கள் பார்!

"இல்லைங்கய்யா. தளவாய்னு யாரையும் எனக்குத் தெரியாது. என் ஆதாரை எவனோ திருடியிருக்கான்."

அந்த மனிதர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு மொழிபெயர்த்தார். பத்து நிமிஷத்தில் கையெழுத்தும் முடிந்தது. அப்பாடா, ரெண்டு பேரும் தப்பித்தோம் என்று அருள்பாண்டி வாசலில் டீ வாங்கிக் குடித்தான்.

நடேசன் தலையில் அடித்துக்கொண்டே வந்தார். "இன்னாடா பண்ணி வச்சிருக்க? திருட்டு சிம்முன்னுதான் அவன உள்ள வச்சிருக்கானுங்க. 'என் ரூம்காரன் அருள்பாண்டி வாங்கிக் குடுத்தது, அவனக் கேளுங்க'ன்னு அவன்தான் கெஞ்சிருக்கான். நீ ஆமான்னு சொல்லிருந்தா அவன் வெளிய வந்திருப்பான்!"

"முதல்லயே சொல்லப்படாதா சார்?"

"சாட்சிக்குச் சொல்லித் தரக்கூடாதுப்பா."

"மாத்திச் சொல்லிருதேன் சார், இப்பமே!"

"சொல்லு, மனு குடு. ஆனா அங்க எடுத்துக்கணும்னா அவங்க மறுபடி கேக்கணும். நீ சொன்னது இந்நேரம் அங்க ஃபைல்ல ஏறியிருக்கும்."

சட்டைப்பையில் போன் அடித்தது. சொர்ணம்மாள்தான்.

"ஏய்யா, எம்புள்ளயப் பத்தி எதும் தெரிஞ்சுதா?"

சற்றுமுன் கோர்ட்டில் அத்தனை சுலபமாகச் சொன்ன 'தெரியாது' இப்போது அவன் வாயில் வரவில்லை.