வீல் நட்டை முடுக்கியவர்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்குப் பகலெல்லாம் எள்ளளவு திருகாணிகளோடுதான் மல்லுக்கட்டு. மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றை மாட்டுவதற்குள் இன்னொன்று தரையில் விழுந்து கண்ணாமூச்சி காட்டும். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் பெரிய வேலையாகப் பார்த்துக் கைவைக்கத் தோன்றும். கார் சக்கரம், ஸ்கூட்டர், துணி துவைக்கும் மெஷின் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் ஒன்று வாங்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எவ்வளவு இறுகிய நட்டையும் தடதடவென்று தட்டியே கழற்றிவிடும்; ஒயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கருவிக் கடையில் விற்பனைப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள்.

"என்ன வேலைக்கு சார்?"

"வீட்டுக்குத்தான். கார் வீல், ஸ்கூட்டர்..."

"அப்ப இந்தச் சின்னதே போதும். மூணு வேகம் இருக்கு, கையும் வலிக்காது. அந்தப் பெருசு லாரிப் பட்டறைக்கு. எதை வாங்கினாலும் கழட்ட மட்டும் வச்சுக்குங்க சார். மாட்டும்போது கையால முடுக்கி, இறுக்கம் சரியான்னு டார்க் ரெஞ்ச்ல அளவு பாத்துடுங்க. டக்குனு சத்தம் வரும், அதோட நிறுத்திடணும்."

அவர் தலையாட்டினார். சின்னதைப் பிடித்துப் பார்த்தால் தலை காயவைக்கும் மெஷின் மாதிரி இருந்தது. பெரியதைத் தூக்கியதும் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தக் கனத்திலேயே மனம் விழுந்துவிட்டது. டார்க் ரெஞ்சை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியதோடு வீடு வந்தார். மனைவி பார்த்தால் "இன்னொரு மெஷினா?" என்பாள் என்று அதைப் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அக்காவோடு வெளியே போயிருந்தாள். அவர் காரின் முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றினார். நட்டுகள் நொடியில் ஏறின. இறுகிய பிறகும், இருக்கட்டும், பத்திரம்தானே என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தடதட.

மனைவி பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீடுகளுக்கே காரில் போய் மடங்காத முழங்காலை மடக்கவைப்பாள், தூக்கமுடியாத தோளைத் தூக்கவைப்பாள். புதன்கிழமை மதியம் வழியில் டயர் பஞ்சர். அவளுக்கு அது பெரிய விஷயமில்லை, முன்பே இரண்டு முறை தானே ஸ்டெப்னி மாற்றியிருக்கிறாள். இந்த முறை நட்டு அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தாள். ஸ்பானர் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "எல்லாம் அந்தப் பஞ்சர் கடைக்காரர் வேலை. போன மாசம் அவர்தானே வீலை மாட்டினாரு?"

பக்கத்திலிருந்த அவர் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "ம்" என்றுதான் வந்தது.

அடுத்த ஆறு நாளும் தலை பின்னிவிட்டார், சோறு ஊட்டினார், மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தார். "இவ்வளவு பாத்துக்குறீங்களே" என்று அவள் சொன்னபோதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

ஏழாம் நாள் அவள் கிளம்பிவிட்டாள். "வாங்க, அந்தக் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவோம்."

"இப்ப எதுக்கு? விடேன்."

"எதுக்கா? நாளைக்கு இன்னொருத்தி விழவா?"

பஞ்சர் கடைக்காரர் அவள் கட்டைப் பார்த்ததும் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நான் கையாலதாம்மா முடுக்குவேன். ஆனா அன்னிக்குக் கூட்டம். ஏதோ நினைப்புல மிதிச்சு முடுக்கிட்டேனோ என்னவோ. மனசு கேக்கலம்மா. மன்னிச்சுடுங்க." கருப்பேறிய இரண்டு கைகளையும் கூப்பினார்.

கண்ணாடிக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் நாக்கு அசைந்தது. "அண்ணே, கையை இறக்குங்க. நீங்க இல்ல. ஞாயித்துக்கிழமை நான்தான் வீலை மாத்தினேன். மெஷின்ல முடுக்கினேன்."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசாம நின்னீங்களே சார்" என்றார். டியூபை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

காரில் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "முடுக்கினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. தெரியாம செஞ்சது. அந்த மனுஷன் கும்பிட்டாரு பாருங்க, அப்பவும் யோசிச்சீங்களே."

அவர் மறுநாள் தனியாகப் போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். "சரி சார்" என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவரை நோயாளிகளுக்கு வாயால் சொல்லியே பயிற்சி கொடுப்பதாக அவள் முடிவு செய்தாள். காலையில் தன் கண்ணாடிக் கடையைத் திறக்காமல் அவர் காரோட்டினார், பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். முதல் வீட்டில் முழங்கால் வலிக்கார அம்மாள், "ஐயோ, கையில என்னம்மா?" என்று பதறினாள். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னாலதாங்க" என்று தொடங்கி, மெஷின் முதல் பஞ்சர் கடை வரை சொன்னார். இரண்டாம் வீட்டிலும் அதே கேள்வி, அதே பார்வை. மூன்றாம் வீட்டில் குரல் கம்மியது. நான்காம் வீட்டுப் பெரியவர் கேட்டபோது, அவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"விழுந்துட்டேன்" என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமலேயே. "நீங்க காலை நீட்டுங்க, பாப்போம்."