பிச்சையம்மாள் சொன்ன பதில்

“எனக்குச் சின்னப் பிள்ளையில குடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க பாஸ்டர். அப்புறம் உங்க தொட்டியில நான் முங்குறேன்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, நரிக்குடி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அருப்புக்கோட்டையில் இறங்கும்வரை அம்மா சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். “எதுக்கெடுத்தாலும் எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு கேக்குற புத்திய உன் ஆபீசோட வச்சுக்க. சம்பந்தம் பேசுற எடத்துல கேட்டேன்னா, தாலிக்கும் சர்ட்டிபிகேட்டு கேப்பா போலன்னு சிரிப்பாக.” ஜெபராணி தலையை ஆட்டினாள். ஆட்டியவள், சபைக்குப் பின்னாலிருந்த பாஸ்டர் அறைக்குள் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கேட்டுவிட்டாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்காமலே திரும்பவும் செருகிக்கொண்டார்.

ஜெபராணிக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் இ-சேவை மையத்தில் வேலை. அவர்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆதார் முகவரியை மாற்ற வந்த தண்ணீர் லாரி டிரைவர் ராஜபாண்டி, மாற்றி முடித்த பிறகும் வாரம் ஒருதரம் வந்துகொண்டிருந்தான். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். தேதிகூடக் குறித்தாயிற்று. இடையில் வந்து நின்றது இந்தத் தொட்டி.

ஜெபராணி வீட்டார் சி.எஸ்.ஐ. பிறந்த சில மாதத்தில் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப்போய், தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ராஜபாண்டி வீட்டார், அவன் ஒன்பதாவது படிக்கும்போது இந்தச் சபைக்கு வந்தவர்கள். இங்கே விவரம் தெரிந்த பிறகு, தானாகக் கேட்டு, முழுசாகத் தண்ணீரில் முங்கி எழ வேண்டும். ஜெபராணியும் வருகிற சனிக்கிழமை முங்கி எழுந்தால் கல்யாணத்தை இங்கேயே நடத்தலாம். அதைச் சொல்லத்தான் பாலவனத்தத்திலிருந்து ராஜபாண்டியும் அவன் அம்மா சந்தனம்மாளும் வந்திருந்தார்கள்.

“எங்க மையத்துல ஒருத்தருக்கு ரெண்டாவது சான்றிதழ் குடுக்கணும்னா, மொதச் சான்றிதழ் ஏன் ரத்துன்னு காரணம் எழுதணும் பாஸ்டர். இல்லன்னா கம்ப்யூட்டரே எடுக்காது.”

“இது கம்ப்யூட்டர் இல்லம்மா.” பாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. நிதானமான மனிதர். “கைக்குழந்தைக்கு என்ன தெரியும், சொல்லு. பாவம்னா தெரியுமா? மனந்திரும்புறதுன்னா தெரியுமா? ஒண்ணும் தெரியாமத் தூங்குற பிள்ளை தலையில தண்ணிய ஊத்திட்டா ஆச்சா?”

“தூங்கல பாஸ்டர். கோயிலே அதிரக் கத்துனேனாம்.”

ராஜபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அம்மா பார்த்த பார்வையில் அதை இருமலாக்கிக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கிடுறேன். என்னையத் தூக்கிட்டு நின்னவுகளுக்குத் தெரியும்ல? அன்னைக்கு அவுக சொன்ன சொல்லும் செல்லாதா?”

“அப்படி என்னத்தச் சொன்னாக?” என்றாள் சந்தனம்மாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜெபராணி சொன்னாள்.

அது மழையே இல்லாத வருஷம். கண்மாயில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. எட்டு நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர். ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் ஒரு செம்புத் தண்ணீர் கிடையாது. மழை வந்ததும் வைத்துக்கொள்ளலாமா என்று ஐயர் கேட்டார். ஐயர் என்றால் அவர்கள் கோயில் குருவானவர், அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வேண்டாம் என்று அவரவர் வீட்டுக் குடிதண்ணீரில் ஆளுக்கு ஒரு தம்ளர் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினார்கள். கருப்பசாமி கும்பிடுகிற வீடுகளிலிருந்தும் நாலு தம்ளர் வந்தது.

பிள்ளையைக் கையில் வாங்கி ஞானத்தாயாக நிற்க வேண்டியது மல்லாங்கிணற்று டீச்சரம்மா. அந்த அம்மா பஸ்ஸை விட்டுவிட்டார். தம்ளரோடு உள்ளே வந்த பிச்சையம்மாள்தான் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வெள்ளாடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்கூட வாசலோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணை ஆட்டின் மேல் வைத்திருப்பவள். சரி, நீ பிள்ளையைப் பிடி என்று அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளையைக் கர்த்தருடைய வழியில் வளர்ப்பீர்களா என்று ஐயர் கேட்டார். புத்தகத்தில் அதற்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்த்துச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். பிச்சையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

“வளப்பேன்யா. இவ ஆத்தா கரிமூட்டத்துக்குப் போனா, பிள்ள எங்கிட்டத்தான் கெடக்கும். ஆட்டுப்பால் இருக்கு, பசிக்க விடமாட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிட்டுப் போவேன். எம்புட்டுப் படிக்கணும்னாலும் படிக்க வப்பேன். போதுமாய்யா, இன்னும் சொல்லணுமா?”

கோயில் முழுக்கச் சிரிப்பு. “புஸ்தகத்துல இம்புட்டு இல்ல பிச்சையம்மா” என்று ஐயரும் சிரித்தாராம்.

சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். சொன்னவள் மறக்கவில்லை. விறகை எரித்துக் கரியாக்கும் அந்தக் கரிமூட்டத்தில் அம்மா வெந்துகொண்டிருந்த நாளெல்லாம் பிள்ளை ஆட்டுக்குட்டிகளோடு குட்டியாக வளர்ந்தது. பள்ளிக்கூட வாசல்வரை பிச்சையம்மாள் வருவாள், பின்னாலேயே பதினெட்டும் வரும். பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா ஜெபராணிக்கு மாப்பிள்ளை பார்த்தார். மறுநாள் காலையில் பிச்சையம்மாள் அத்தனை ஆட்டையும் அவர்கள் வீட்டுக்குள் பத்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். “கோயில்ல அத்தன பேரு முன்னால படிக்க வப்பேன்னு சொல்லியிருக்கேன். என்னயப் பொய்க்காரி ஆக்கிட்டு அப்புறம் கல்யாணம் பண்ணுங்க.” மூன்று நாள். ஆடுகள் மேய்ந்து முருங்கை மரம் மொட்டை, கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியில் பாதி இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், காலேஜ் அப்ளிகேஷன் எங்கே விற்கிறது என்று அப்பாவே கேட்டார்.

“அப்புறம் மூணு வருசம், சாயங்காலம் நான் பஸ்ஸ விட்டு எறங்கும்போது ஸ்டாப்புல ஆடு நிக்கும். ஆடு நின்னா பிச்சையம்மா பெரியம்மாவும் நிக்கும்” என்று முடித்தாள் ஜெபராணி.



சந்தனம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “நல்ல மனுசிதான், இல்லைங்கல. ஆனாலும் ஒரு முங்குதானே தாயி? கண்ண மூடி எந்திரிச்சா முடிஞ்சுபோச்சு. இதுக்கா இம்புட்டு?”

“ஒரு முங்குதான் அத்தை. முங்கி எந்திரிச்சா, அன்னைக்கு நடந்தது ஒண்ணுமில்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அது பெரியம்மா காதுல விழாட்டியும் என் காதுல விழும்ல?”

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தம்மா சொன்ன வார்த்தைய நான் குறை சொல்லலம்மா.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

“அப்படியெல்லாம் எழுத முடியாது.”

“ஏன் பாஸ்டர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒருத்தர் கடவுளுக்கு முன்னால நின்னு சொன்னத, செல்லாதுன்னு எழுத எனக்குக் கை வராது.”

“கையால எழுத முடியாதத, வாயால மட்டும் எப்படிச் சொல்றீக?”

“ஏ புள்ள!” என்றாள் அம்மா.

“இருக்கட்டும்மா” என்றார் பாஸ்டர். “சபைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. முழுக்கு எடுக்காம நான் இங்க கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. அது ஒன்னய ஒதுக்குறதுக்குச் சொல்லல.”

“தெரியும் பாஸ்டர். நீங்க நடத்த வேணாம்.”

அவள் பையிலிருந்து மடிக்காத ஒரு தாளை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று. அதற்கான படிவம். வெள்ளிக்கிழமையே உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். மணமகள் கையெழுத்துப் போட்டாயிற்று. மணமகன் பக்கத்தில் இந்தச் சபையின் பெயரும், இதே தொட்டியில் அவன் முங்கிய தேதியும் இருந்தன. கையெழுத்து இடம் மட்டும் காலி.

தாளை ராஜபாண்டியின் முன்னால் வைத்தாள்.

“உங்க ஞானஸ்நானத்த எங்க ஐயரு செல்லாதுன்னு சொல்லல. தேதி மட்டும்தான் கேட்டாரு. கல்யாணம் எங்க ஊர்க் கோயில்ல, அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி, பத்து மணிக்கு. கையெழுத்துப் போட்டாச் சந்தோசம். போடலன்னாலும் நான் முங்க மாட்டேன். அத வெள்ளிக்கிழமையே முடிவு பண்ணிட்டேன்.” எழுந்தாள். “வாரேன் அத்தை. வாரேன் பாஸ்டர். எம்மா, வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

கதவைத் தாண்டும்போது அவளுக்கு நல்ல பசி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியவள்.

வெளியே வேப்பமர நிழலில் ராஜபாண்டியின் தண்ணீர் லாரி நின்றது. அதன் சக்கரத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த பிச்சையம்மாள் எழுந்து சேலையைத் தட்டினாள். அவர்களோடு அதே பஸ்ஸில் வந்தும், உள்ளே கூப்பிட்டதற்கு, ஆட்டு வாடையோட எதுக்கு என்று வர மறுத்தவள்.

“என்ன தாயி, கேக்கக் கூடாதுன்னு ஒங்க ஆத்தா சொன்னதக் கேட்டுட்டியாக்கும்?”

“கேட்டுட்டேன் பெரியம்மா.”

“கேப்பன்னு தெரியும். வெரசா நட, குட்டிகளப் பக்கத்து வீட்டு மாரிக்கனி கையில விட்டுட்டு வந்திருக்கேன். அவ செல்போனப் பாத்துக்கிட்டே தூங்கிருவா.”

பின்னால், திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ராஜபாண்டியின் குரல் கேட்டது.

“பாஸ்டர், ஒங்க பேனாவக் கொஞ்சம் குடுக்கிறீகளா?”

அம்மா சட்டென்று நின்று திரும்பினாள். ஜெபராணி நிற்கவில்லை. பிச்சையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, நரிக்குடி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.