பாவிக்குத் தெரிந்த இரண்டு சொற்கள்

ஒக்ரான் வீட்டு நாயின் பெயர் பாவி. அவர்கள் பேச்சில் அதற்குப் பாறை என்று பொருள். நம் காதில் அது வேறு மாதிரி விழுந்தால் அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் காலையும் மாலையும் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வொன்ஜு நகரத்துத் தெருக்களில் இழுபட்டுப் போகும் ஒக்ரானிடம் நம் பொருளைச் சொல்லிப் பாருங்கள். அதுதான் சரி, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்பாள்.

வாங்கி வந்தவர் அவள் கணவர் தொக்சு. சந்தையில் பார்த்தபோது கையில் அடங்குகிற குட்டி. இதற்கு மேல் பெரிதாக வளராது என்று விற்றவன் சத்தியம் செய்தான். அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து நின்றது. அப்போதும் தொக்சுவுக்குக் கவலையில்லை. மனிதர் எதிலும் நிதானம். ஷூ மாட்டுவதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொள்வார். ஒக்ரானோ பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் ஓடி ஓடி வேலை பார்த்தவள். உலைக்கும் பொறுமையில்லை, அவளுக்கும் பொறுமையில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சீக்கிரம்! சீக்கிரம் வாய்யா!" என்று கத்துவாள். அவர் நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டுவார். பாவி வாசலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கும். வருடக்கணக்காக இந்தக் கூத்து தினமும் நடந்தது.

போன பனிக்காலத்தில், உறைந்து கிடந்த நடைபாதையில் ஒரு பூனையைப் பார்த்துப் பாவி பாய்ந்தது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த தொக்சு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். இவர் முதல் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வாங்கிக் கொடுத்த கைத்தடி மூலையில் பளபளவென்று சாய்ந்திருந்தது.

மகள் ஹேரிம் ஒரு முடிவோடு தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் மாமனாருக்கு ஆப்பிள் தோட்டம் இருக்கிறது.

"சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வர்றப்ப நாயை வண்டியில ஏத்திட்டுப் போயிடறேம்மா. தோட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டிடலாம். காவலுக்கும் ஆச்சு. அப்பாவைப் படுக்க வச்சது போதாதா, உன்னையும் தள்ளணுமா?"

நாய் மேல் தனக்கு ஒரு பாசமும் இல்லை என்று ஒக்ரான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் தொக்சு இப்போதெல்லாம் வாய் திறந்து பேசுவது அந்த நாயிடம் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் இந்த மனிதர் ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிக்கொள்வார்.

"பண்டிகைக்குள்ள இழுக்காம நடக்கப் பழக்கிட்டேன்னா?"

"நீயா? சரி, பழக்கிக் காட்டு. கட்டட வாசல்லேருந்து முக்குக்கடை வரைக்கும் போயிட்டு வரணும். ஒரு தடவை கயிறு இறுகினாலும் பாவி என் வண்டியில."

தொலைக்காட்சியில் நாய் பழக்கும் இளைஞன் ஒருவன் வருவான். கயிறு இறுகினால் மரம் மாதிரி நில், தளர்ந்தால் நட, வாயைத் திறக்காதே என்பான். முதல் இரண்டையும் ஒக்ரான் விடாமல் முயன்று பார்த்தாள். மூன்றாவது அவள் ஜாதகத்திலேயே இல்லை.

உள்ளங்கையில் சிவப்பு ரப்பர் பூசிய வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்குவாள். வாசல் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்று வருவதுபோல் இருக்கும். "மெதுவா! மெதுவாடா பாவி! மெதுவான்னு சொல்றேன்ல!" அவள் மரம் மாதிரி நிற்கத்தான் நினைப்பாள். அந்த நாய்க்கு மரத்தை வேரோடு பிடுங்கத் தெரிந்திருந்தது. குப்பை பிரிக்கும் இடம், சைக்கிள் கொட்டகை, முட்டைக்கோஸ் வண்டி என்று வழி நெடுக அவள் "மெதுவா, மெதுவா" என்று கதற, அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உற்சாகமாக இழுக்கும்.

மேலே தொக்சுவின் ஜன்னல் திறக்கும்.

"ஹேரிம் அம்மா, கயிறைக் குட்டையாப் பிடி!"

மறுநாள் அதே ஜன்னல். "விட்டுப் பிடி, விட்டுப் பிடி!"

"அவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே எறங்கி வந்து பிடிக்கிறதுதானே!"

ஜன்னல் சாத்திக்கொள்ளும். அவளுக்கு நாய் மேல் கோபம், புருஷன் மேல் கோபம், தொலைக்காட்சிப் பையன் மேல் அதைவிடக் கோபம். கோடை போய், மழை போய், மரத்து இலைகள் பழுக்கத் தொடங்கியும் கயிறு விறைத்தபடியே இருந்தது. ஒரு மாலை குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கொப்புளம் உடைந்த கையைப் பார்த்து அழுதாள். பாவி அவள் முழங்காலை நக்கியது. "போடா," என்றாள்.

பண்டிகை நெருங்கும்போது பல் வலி வேறு சேர்ந்துகொண்டது. மருத்துவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். அந்த வீங்கிய கன்னத்தோடுதான் அன்றைக்கு நாயை இறக்கினாள். அது இழுத்தது, நின்றாள். திரும்பிப் பார்த்தது, கயிறு தளர்ந்தது, நடந்தாள். சைக்கிள் கொட்டகை தாண்டியபோதுதான் கையில் வலியே இல்லை என்று உறைத்தது. பாவி பக்கத்தில் நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தது.

பல் பிடுங்கியவள் என்று இரக்கப்படுகிறதோ என்று நினைத்தாள். மறுநாள் பஞ்சை எடுத்துவிட்டு, பாராட்டும் விதமாக, "அப்படித்தான், மெதுவா," என்றாள். தோள் பிய்ந்தது.

அப்போதுதான் விளங்கிற்று. அவசரமே பிழைப்பாகிப் போன அந்த வீட்டில் மெதுவா என்ற சொல்லை யாருமே சொன்னதில்லை. பாவி அதை முதன்முதலாகக் கேட்டதே கயிறு விறைத்து நிற்கும்போதுதான். மெதுவா என்றால் இழு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டுவிட்டது. மாதக்கணக்காக அவளே தொண்டை கிழியக் கத்திப் பாடம் எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"நீ வாயை மூடினா நல்லது நடக்கும்னு கல்யாணமான நாள்லேருந்து எனக்குத் தெரியும்," என்றார் தொக்சு.

"உங்க சோத்தை நீங்களே போட்டுக்கங்க."

பண்டிகையன்று ஹேரிம் வந்தாள். வண்டியின் பின்கதவைத் திறந்து பழைய போர்வையை விரித்தே வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் ஒக்ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். மகள் பின்னாலேயே வந்தாள். முக்குக்கடை வரைக்கும் கயிறு தொய்வாகத் தொங்கியது. திரும்பி வரும்போதும் தொங்கியது. "அடேங்கப்பா!" என்றாள் ஹேரிம், நிஜமான ஆச்சரியத்தோடு.

கட்டடத்துக் காவலாளி பியோன் தன் அறை வாசலில் நின்று கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார். ஒக்ரான் கொடுத்தனுப்பியதுதான். ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் விட மனசு வருமா?

"பண்டிகையும் அதுவுமா என்ன அவசரம்? மெதுவா போங்கம்மா, மெதுவா!"

கயிறு கையுறையோடு போயிற்று. பாவி வாசலைத் தாண்டிப் பேருந்து ஓடுகிற சாலையைப் பார்த்துப் பறந்தது. ஒக்ரானுக்கு உயிரே போய்விட்டது. "ஹேரிம், பிடிடீ! சீக்கிரம்! சீக்கிரம்!"

சாலை விளிம்பில் பாவி சட்டென்று நின்றது. நின்று, உட்கார்ந்தது. பேருந்து ஒன்று அதன் மூக்கைத் தாண்டிப் போயிற்று. அது பேருந்தைப் பார்க்கவில்லை. திரும்பி, கட்டடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹேரிம் ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தாள். நாய் அசையவில்லை. உண்மையிலேயே பாறைதான். "என்னம்மா இது? இவ்வளவு நேரம் ஓடினது இப்ப நகர மாட்டேங்குது!"

ஒக்ரானுக்கு விளங்கிவிட்டது. சீக்கிரம் என்று அவள் கத்தினால், ஷூ மாட்டி முடித்து அந்த மனிதர் வரும்வரை பாவி உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவும் அவள் கற்றுக்கொடுத்த பாடம்தான்.

"உங்கப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருக்குடீ," என்றாள்.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் இருந்த தொக்சுவைக் காணோம்.

அவர் வர நெடுநேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது ஒரு கையில் கைத்தடி இருந்தது. இரண்டு ஷூவிலும் நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தது. வாசல் படிகளைப் பார்த்துத் தயங்கினார். கைத்தடியை ஊன்றி முதல் படியில் கால் வைத்தார். ஹேரிம் போய் வண்டியின் பின்கதவைச் சாத்தினாள்.

மெதுவா, மெதுவா இறங்குங்க. ஒக்ரானுக்கு அது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் பாவி காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அந்தச் சொல்லை மென்று விழுங்கினாள். கண்ணில் நீர் வழிய, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"சீக்கிரம்! சீக்கிரம் வாய்யா!"