பீரோவில் கிடந்த ஒரிஜினல்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் கயல்விழி நோட்டைத் திறந்து ஐகன் வேல்யூ கணக்கு போடுவாள். நின்றுகொண்டே போனால் மனசுக்குள் லாஜிக் கணக்கு. இப்படி இரண்டு வருஷம் மாய்ந்து மாய்ந்து படித்துத்தான் 2009-இல் கேட் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கினாள். திருச்சியில் எம்.டெக். சீட்டும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும்.

அந்த ஒரிஜினல்கள்தான் அவளிடம் இல்லையே! மூன்று வருஷத்துக்கு முன் சிதம்பரம் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். அன்றைக்கே அவற்றை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அங்கே எல்லாருக்கும் அதே கதிதான். பாதியில் யாரும் ஓடிவிடக் கூடாதாம், என்ன நியாயமோ!

பிரின்சிபால் அறையில் நாலு தடவை போய் நின்றாள்.

"அடுத்த மே மாசம் வாங்கிக்கலாம் மேடம். நடுவுல விட்டுட்டுப் போனா பசங்க கதி?"

"சீட்டு போயிடும் சார்."

"அடுத்த வருஷமும் கேட் வரும்ல? எழுதுங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் மனுஷன்! கயல்விழி கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மூன்றாம் ஆண்டுக்கு டேட்டாபேஸில் டெட்லாக் நடத்தினாள். இரண்டு வேலைகள், ஒன்று பிடித்து வைத்திருப்பது மற்றதற்கு வேண்டும், இரண்டும் விடாமல் அப்படியே நிற்கும்.

"அப்ப எப்படித்தான் மேடம் தீரும்?" என்றாள் ஒரு மாணவி.

"ஏதாவது ஒண்ணு, அதுவரைக்கும் செஞ்சதையெல்லாம் விட்டுட்டு வெளிய வரணும்."

வியாழக்கிழமை கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன். அன்றைக்கு மட்டும் ஒரு கூத்து நடக்கும். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி; அதனால் ஆசிரியர்களே வைத்திருப்பதுபோல் சோதிக்க வரும் குழுவினரிடம் காட்ட வேண்டும். கிளார்க் சிங்காரம் இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து ஃபைல்களைக் கொடுப்பார்; ஒரு மணி நேரத்தில் வாங்கிப் பூட்டுவார். கையெழுத்தில்லாமல் ஒன்று குறைந்தாலும் அவர் வேலைக்கு உலை.

குழுவினர் சாப்பிடப் போன நேரம் கயல்விழி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். சிங்காரத்தின் முகம் வேறு கண்ணுக்குள் நின்று உயிரை எடுத்தது. பஸ் ஸ்டாப்பில் ஈ காக்கை இல்லை.

"மேடம்! நில்லுங்க!"

சிங்காரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

"தரமாட்டேன் சார்."

"யாரு கேட்டா? வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. எனக்கும் ஒரு அத்தாட்சி வேணும்ல." ரிஜிஸ்டரை நீட்டினார். "ஆனா ஒண்ணு மேடம். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் தரமாட்டாங்க. மூணு வருஷமும் வேலை பாக்காத மாதிரிதான்."

மூன்று வருஷம்! ஆறு மணி பஸ்ஸும் தொண்டை கட்டிய வகுப்புகளும் கட்டுக்கட்டாகத் திருத்திய பேப்பர்களும். தொலையட்டும். என் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வராதுல்ல சார்?"

"திட்டுவாங்க. வாங்கிக்கிறேன்." ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நம்ம லேப்ல இருக்கிற மலர்க்கொடி என் பொண்ணுதான். அவ ஒரிஜினலும் அந்த பீரோவுலதான் கெடக்கு. போன வருஷம் கவர்மென்ட் வேலைக்குக் கூப்பிட்டாங்க. காலைப் புடிச்சி அழுதா. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு மேடம். நான் தொறக்கல."

தூரத்தில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியவரும் சிங்காரம்தான்.