சத்தம் போடாத பெட்டி

நாத்தனார் என்றால் அண்ணியைக் குறை சொல்லியே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். என் பங்குக்கு நானும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். அண்ணி போடும் காபியை வாயில் வைக்க முடியாது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாள். சீட்டாட உட்கார்ந்தால் அழுகுணி ஆட்டம். இதில் எதையும் நான் வாபஸ் வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த மனுஷி ஒரு கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் பிழைப்பே அதுதான். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறேன், கேட்டால் சேர்த்தும் கொடுக்கிறேன். கடை ரொம்பக் குறுகல். உள்ளே ஒருவர் நின்றால் வெளியே ஒருவர் காத்திருக்க வேண்டும். விளையாடுவதற்கென்று கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்கும் கேள்வி, "உள்ள கலர் கலரா விளக்கு எரியுமா?" என்பதுதான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வியாபாரம் ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு "எரியும் சார்" என்பேன்.

அண்ணி வந்த அன்று நல்ல மழை. குடையை வாசலில் மடக்கிப் போட்டாள், வழக்கம்போல நடுவழியில். துணிப்பையைத் திறந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அட்டைக் கம்ப்யூட்டர்.

"என்ன அண்ணி இது? பள்ளிக்கூடத்துல கைவேலைப் போட்டியா?"

"வாயை மூடிட்டுப் பாரு."

மருந்துப் பெட்டிகளை வெட்டி ஒட்டியிருந்தாள். மொத்தமும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூடியைத் தூக்கினால் உள்ளே போர்டு, பவர் சப்ளை, சூட்டைத் தணிக்கும் கூலர், நினைவகப் பட்டையான ராம், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு, எல்லாமே அட்டையில், நிஜ அளவில். அண்ணி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர்; ஒவ்வொன்றின் மேலும் அந்தக் குண்டு கையெழுத்தில் பெயர். விற்பனையாளர்கள் போட்டிருக்கும் அளவுகளைப் பார்த்துப் பார்த்து வெட்டினாளாம். நான் இத்தனை வருஷம் கடை நடத்துகிறேன், ஒரு வாடிக்கையாளரும் இப்படி ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை.

"எதுக்கு இவ்வளவு குட்டியா? பெரிய பெட்டியா எடுத்தா காத்தோட்டமா இருக்கும்ல?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்டி."



அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் டயாலிசிஸ். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள். முடிகிற வரைக்கும் இடது கையை அசைக்கக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. இன்னொரு பக்கம், அண்ணி ஒரு ஆன்லைன் ஆட்டத்தில் கேப்டன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும், எதிரணி உடைக்கப் பார்க்கும். கோட்டையும் ஊரும் கடலும் மேலிருந்து பார்க்கும் வரைபடமாகத் தெரியும். வரைபடம் என்றால் அண்ணியிடம் யாரும் வாலாட்ட முடியாது. அவள் அணி இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. போட்டி புதன்கிழமை பிற்பகல். புதன் அவளுக்கு ஆஸ்பத்திரி நாள்.

"நாளை மாத்திக் கேட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் கேட்டாச்சு. அங்க நாற்காலி காலியில்ல, இங்க தேதி மாறாது. போன வருஷமும் இப்படித்தான். நான் நாற்காலியில கிடந்தேன், நாலு பேரா ஆடித் தோத்தாங்க."

"அண்ணன் என்ன சொல்றான்?"

"விட்டுத் தள்ளு, ஒரு விளையாட்டுதானேங்கறார்." அண்ணி அட்டை மூடியைத் தடவிக்கொண்டே பேசினாள். "ஒவ்வொண்ணா விட்டுட்டுத்தான் வரேன். மலையேறுறதை விட்டேன். வெளியூரை விட்டேன். தாகத்துக்கு வயிறு முட்டத் தண்ணி குடிக்கிறதையே விட்டேன். இதையும் விட்டா, அந்த நாற்காலியில போய் உட்கார்றதுக்குன்னே உசிரோட இருக்கிற மாதிரி ஆயிடும். நான் மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கியது. கலங்கினால் எனக்கு உடனே கோபம் வரும். "சரி சரி, லேப்டாப் ஒண்ணு வாங்கித் தொலைய வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"ஆட்டம் சூடு பிடிச்சா லேப்டாப் விசிறி எப்படிக் கத்தும்னு உனக்குத் தெரியாதா? பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு மார்க்கெட்ல ராத்திரி வேலை. அவங்க தூங்குறதே அங்கதான். அவங்க தூக்கத்தைக் கெடுத்துட்டு நான் ஒண்ணும் ஜெயிக்க வேண்டாம்."

அது போக, தலைமை நர்ஸ் வேறு நிபந்தனை போட்டிருந்தார். சத்தம் வரக் கூடாது. நாற்காலியோடு இருக்கும் சின்னச் சாப்பாட்டு மேஜையைவிட அதிக இடம் அடைக்கக் கூடாது. "நான் நகர்த்துன்னு சொன்னா அந்த நிமிஷமே நகர்த்தணும். கழட்டிட்டு இருக்கேன், அணைச்சிட்டு இருக்கேன்னு கதை சொல்லக் கூடாது." அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.

பிறகு ஆரம்பித்தது தேர்வு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்டேன். இருப்பதிலேயே வேகமான பிராசஸரை எடுத்து நீட்டினேன். "வேகம் கூடினா சூடு கூடும், சூடு கூடினா விசிறி கத்தும்" என்று அதைத் தள்ளிவிட்டு, இரண்டு படி கீழே இருந்ததை எடுத்தாள். தலையில் கொம்பு வைத்த மாதிரி உயரமான பளபளப்பு ராமைக் காட்டினேன். "இது கூலர்ல இடிக்கும்" என்று மொட்டையான ராமைக் கேட்டாள். விசிறிக்காக என் கடைச் சீலிங் ஃபேனையே நிறுத்தச் சொன்னாள். மழைச் சத்தம் ஓய்கிற வரைக்கும் காத்திருந்து, ஒவ்வொரு விசிறியையும் ஓடவிட்டுக் காதருகே பிடித்துப் பார்த்தாள். வாசலில் நின்ற வாடிக்கையாளர், "இந்த அம்மா பாட்டுக் கச்சேரிக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டார். அண்ணி திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவள் பிடிவாதம் தளர்ந்தது ஒரே இடத்தில். கிராபிக்ஸ் கார்டு. அந்த அளவுக்குள் கிடைப்பதில் நல்லதாக ஒன்று இருந்தது. அதை ஒரு பெரிய கம்ப்யூட்டரில் மாட்டி அவளுடைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கோட்டைச் சுவரில் வெயில் விழுந்தது. கடலில் அலை சுருண்டு வந்து கரையில் நுரைத்தது. அண்ணி குழந்தை மாதிரி வாயைத் திறந்தபடி பார்த்தாள். கடற்கரைக்குப் போய் அவளுக்கு எத்தனையோ காலம் ஆயிற்று.

"இதுக்கு மட்டும் இடம் இருக்குடி" என்று அட்டைக் கார்டை எடுத்து நிஜக் கார்டின் மேல் வைத்துக் காட்டினாள். கனகச்சிதம்.

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்தேன். அண்ணி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். போர்டு உட்கார்ந்தது. கூலர் உட்கார்ந்தது. கார்டும் சமர்த்தாக உட்கார்ந்தது. ஓடவிட்டுப் பார்த்தோம், மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூடியை வைத்தேன். மூடவில்லை. அழுத்தினேன். ஊஹூம்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தோம். கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள். அது கார்டின் மேல் விளிம்பில் செருகி வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு ஒரு விரல் பருமன் இடம் வேண்டும். அட்டைக் கார்டுக்கு மின்சாரம் எதற்கு? அவள் அட்டை உலகத்தில் கேபிளே கிடையாது. கேபிளோடு குடும்பம் நடத்துகிற எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? நானும் அந்தக் கைவேலையில் மயங்கிப்போய்க் கோட்டை விட்டிருந்தேன்.

"மூடி இல்லாமலே எடுத்துட்டுப் போயிடலாம் அண்ணி."

"ஊசியும் குழாயுமா இருக்கிற இடத்துக்கா? அந்த நர்ஸம்மா என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடும்."

"வேற பெட்டி வரவழைச்சா வெள்ளிக்கிழமைதான் வரும்."

 திரையில் அலை தன் பாட்டுக்குச் சுருண்டுகொண்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தாள். பிறகு, "கேபிளே இல்லாத கார்டு இருக்குமே, சின்னதா?" என்றாள்.

இருக்கிறது. போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏழைக் கார்டு. அதை மாட்டிப் போட்டுக் காட்டினேன். வெயில் போயிற்று. கோட்டைச் சுவர் வெறும் சாம்பல் நிறம். கடல் நீலத் துணி விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"கடல்ல அலை அடிக்கலைன்னா என்ன?" என்றாள் அண்ணி. "கடல் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். மூடு."

மூடினேன். டக்கென்று மூடிக்கொண்டது. பெரிய கார்டை நான் திரும்ப உறையில் போடும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானாக இருந்தால் தரையில் புரண்டு அழுதிருப்பேன்.

புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனேன். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆளுயர மிஷின். அண்ணிக்கு இடப்பக்கம் மார்க்கெட் அம்மா, போர்வைக்குள் தூக்கம். வலப்பக்கம் ஒரு டாக்ஸிக்காரர், வேலை இல்லாமல் ஊர் வம்பு முழுவதும் பேசுகிறவர். எல்லோருக்கும் ஒரு கையில் ஊசி, ஒரு கை சும்மா. அண்ணியின் சாப்பாட்டு மேஜையில் பெட்டியை வைத்து, மெல்லிய திரையை நிறுத்தி, நீளமான வயரில் மின்சாரமும் போனிலிருந்து இணையமும் கொடுத்தேன். வலது கைக்குப் பக்கவாட்டில் பொத்தான் வைத்த மவுஸ். இடது கை விசைப்பலகையில் செய்ய வேண்டியதையெல்லாம் அந்தக் கட்டைவிரலே செய்தாக வேண்டும். ஒரு மாதமாகப் பழகியிருந்தாள்.

தலைமை நர்ஸ் வந்தார். குனிந்து பெட்டியில் காதை வைத்தார். "போட்டாச்சா?" என்று கேட்டார்.

"ஓடிட்டு இருக்குங்க."

இன்னொரு தடவை காதை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். எனக்கு மார்பு விம்மியது.

ஆட்டம் தொடங்கியது. அண்ணி தன் அணியோடு ஹெட்செட் மைக்கில் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்; கொசு என்பது அதில் ஒருவரின் ஆட்டப் பெயர். "கொசு, நீ வடக்கு வாசல். மத்தவங்க பாலத்தை விட்டு நகராதீங்க. அவங்க கடல் வழியா வருவாங்க, எனக்குத் தெரியும்." வந்தார்கள். கடல் வழியாகவே வந்தார்கள். டாக்ஸிக்காரர் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, "விடாதீங்க டீச்சர், அடிங்க" என்றார். நான் முறைத்தேன். முதல் தாக்குதலைத் தாங்கினார்கள், இரண்டாவதையும் தாங்கினார்கள். கடைசித் தாக்குதலுக்கு எதிரணி கூடிக்கொண்டிருந்தபோது அண்ணியின் மிஷின் அலறியது.

அவள் முகம் வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. தலைமை நர்ஸ் ஓடி வந்தார். "மேஜையை எடு!" நாற்காலியைப் பின்னால் சாய்த்தார், கால் மேலே போயிற்று, தலை கீழே வந்தது. நான் பெட்டியை அதன் கைப்பிடியில் பிடித்து முழங்கையில் மாட்டிக்கொண்டேன், திரையை ஒரு கையால் அள்ளினேன், மேஜையைக் காலால் உதைத்துத் தள்ளினேன். அந்த நிமிஷமே இடம் காலி. எதையும் கழற்றவில்லை, எதையும் அணைக்கவில்லை. ஏழைக் கார்டும் குட்டிப் பெட்டியும் என் கையில் ஒரு கைப்பை மாதிரி தொங்கியபடி ஓடிக்கொண்டிருந்தன.

"அண்ணி, விட்டுடலாம் அண்ணி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திரை தெரியல... மேல பிடி" என்றாள் அண்ணி.

நான் நர்ஸைப் பார்த்தேன். அவர் குழாயில் உப்பு நீரைத் திறந்துவிட்டு, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பேசிட்டே இருக்கட்டும்" என்றார். "பேச்சு நின்னாத்தான் எனக்குப் பயம்."

இரண்டு கையாலும் திரையை அவள் முகத்துக்கு நேர் மேலே பிடித்தேன். பெட்டி முழங்கையில் ஆடியது. அண்ணி மல்லாந்தபடி, உதடு காய்ந்து, பேசிக்கொண்டே இருந்தாள். "கொசு, வடக்கை விடு... பாலத்துக்கு வா... எல்லாரும் உள்ள வரட்டும், வரட்டும்... இப்பப் பாலத்தை உடை." மவுஸை வயிற்றின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். அலையில்லாத அந்த நீலக் கடலில் எதிரணி மொத்தமும் பாலத்தோடு விழுந்தது. கோட்டை நின்றது. திரை முழுக்க வெற்றி என்று வந்தது.

"ஜெயிச்சாச்சா?" என்றார் டாக்ஸிக்காரர்.

"ஜெயிச்சாச்சு" என்றார் நர்ஸ், அழுத்தம் காட்டும் எண்ணைப் பார்த்தபடி. "இதுவும் ஏறுது."

அண்ணியின் கன்னத்தில் ரத்தம் திரும்பியது. "பார்த்தியாடி" என்றாள் என்னிடம். நான் வாயைத் திறந்தால் ஊரே கூடும் அளவுக்கு அழுதிருப்பேன், அதனால் திறக்கவில்லை.

டாக்ஸிக்காரர் சும்மா இருந்த கையால் நாற்காலியைத் தட்டினார். அவருக்கு அடுத்தவரும் தட்டினார். போர்வைக்குள்ளிருந்து மார்க்கெட் அம்மாவின் கை மெதுவாக வெளியே வந்து இரும்புக் கம்பியைத் தட்டியது. எப்போதிலிருந்து விழித்திருந்தாரோ தெரியவில்லை. எல்லோரும் ஒற்றைக் கையால்தான். ஊசி குத்தியிருக்கும்போது வேறு எப்படிக் கைதட்டுவது? என் கை இரண்டும் இன்னும் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போது எனக்குப் பின்னால் நிஜமான கைதட்டல் கேட்டது, பளார் பளாரென்று, அறையே அதிரும்படி. திரும்பிப் பார்த்தேன். தலைமை நர்ஸ். அந்த அறையில் இரண்டு கையும் சும்மா இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.