எல்லாம் அத்தா பேரில்

பக்கீர் முகமதுவின் குடும்பத்தில் எதை வாங்கினாலும் அவர் பேரில்தான் வாங்குவார்கள். கரண்ட் கனெக்‌ஷன், பனியன் கம்பெனி, மருமகள் ஆஃப்ரினின் ஸ்கூட்டி வரை அப்படித்தான். பனியன் அளவுகளை யார், எப்போது மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோதும், பெயர் கேட்ட இடத்தில் மகன் ரஷீத் யோசிக்காமல் அத்தாவின் பெயரையே அடித்தான்.

இன்று காலை, பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து மெயில் வந்தது. குழந்தைகள் பனியனில் கழுத்து ஒரு சென்டிமீட்டர் குறைந்து, தலையே நுழையவில்லையாம். பையரும் பார்க்கும் அந்தப் பதிவில், அளவை மாற்றியவர்: பக்கீர் முகமது. இனிமேல் அவர் கவனமாக இருக்க வேண்டுமாம்.

அவர் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"நாப்பது வருஷத்துல எங்கிட்ட ஒரு கழுத்து தப்புனதில்ல. இந்த மவுஸை நான் தொட்டதுகூட இல்லியேம்மா!"

ஆஃப்ரின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தாள்.

"ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டு, அவங்கவங்க பேரை எழுதித்தான் வெச்சேனுங்க மாமா. ஃபோல்டர் பேருக்குக் கடைசில ஒரு சாய்கோடு விட்டுப்போச்சு. அதனால அந்தப் பேருகளைப் படிக்காம, எல்லாத்துக்கும் உங்க பேரையே போட்டிருக்குதுங்க."

"ஒரு கோட்டுக்கா என் மானம் போகுது? கழுத்தைக் குறைச்சது யாரு?"

ரஷீத் மின்விசிறியைப் பார்த்தான். "நான்தானுங்க அத்தா."

"பையருக்கு எழுதும்மா. அந்தப் பதிவுல ஒண்ணுகூட என்னுது இல்லைன்னு."

ஆஃப்ரின் எழுதவில்லை. அவள் பார்வை சுவருக்குப் போனது. போன வருஷம் பையர் அனுப்பிய பாராட்டுக் கடிதம் அங்கே ஃப்ரேமுக்குள் தொங்கியது. அளவுகளைத் திருத்தித் துணி வீணாவதைக் குறைத்த பக்கீர் முகமதுவுக்கு நன்றி என்றது அது. ஜமாத்தில் அதைப் பார்க்காத ஆளில்லை.

பக்கீர் முகமதுவும் அதைப் பார்த்தார். "அது... யாரு செஞ்சது?"

"அவதானுங்க அத்தா," என்றான் ரஷீத்.

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"முதலாளி பேருக்குத்தான் எழுதுவாங்கன்னு நெனைச்சேனுங்க. கேக்கலாம்னு வந்தா, நீங்க ஆணி அடிச்சிட்டு இருந்தீங்க மாமா."

பழியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புகழை வைத்துக்கொள்வது அவர் குடும்பத்தில் இல்லாத பழக்கம். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, யாரையும் பிடிக்கவிடாமல், ஃப்ரேமைத் தானே கழற்றினார்.

"கழுத்து ரஷீதோடது, துணி மிச்சம் ஆஃப்ரினோடதுன்னு ரெண்டையும் எழுது. கடுதாசியை உம் பேருல மாத்தி அனுப்பச் சொல்லு."

"ஃப்ரேமுங்க மாமா?"

"அது எம் பேருல வாங்குனது. கடுதாசி வந்ததும் அதுலயே போடு. ஆணியை யாரும் புடுங்க வேண்டாம்."