இடலீனா பயந்த கேள்வி

மில்பிடாஸ் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்ப உதவுகிறவர்களில் ஷ்யாமளாவும் ஒருத்தி. அவளிடம் எழுபத்தைந்து வயது இடலீனா மூன்று வாரம் தொடர்ந்து வந்தார். பெயர், முகவரி எல்லாம் சொல்வார். 'எப்போதாவது கைதானதுண்டா?' என்ற கேள்வி வந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான்காவது வாரம் ஷ்யாமளா பேனாவை மூடி வைத்தாள். "ஆன்ட்டி, ஃபார்ம் அப்புறம் பாத்துக்கலாம். என்ன ஆச்சு, சொல்லுங்க."

இடலீனா மெதுவாகச் சொன்னார். போர்ச்சுகலின் அசோரஸ் தீவுக்காரர் அவர். லிஸ்பனில் படித்த நாளில் சர்வாதிகார ஆட்சி ஆப்பிரிக்காவில் நடத்திய போரை எதிர்த்து ஒரு கவிதை எழுதி வாசித்தார். போலீஸ் பதினோரு நாள் உள்ளே வைத்தது. பிறகு அந்தோனியோவை மணந்து 1972இல் சான் ஹோசேவுக்கு வந்தார். விசா ஃபார்மைக் கணவர்தான் நிரப்பினார். கைது பற்றி 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பார். அந்தப் பொய் வெளிப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களே! பழங்களை டின்னில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் எழுதினார். லிஸ்பனில் நான்கு புத்தகங்கள் வந்தன. நான்கும் புனைபெயரில். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. கிரீன் கார்டோடு ஐம்பத்திரண்டு வருஷம், நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை.

"இப்ப ஏன் அப்ளை பண்றீங்க?"

"மொத்தக் கவிதையையும் ஒரே புத்தகமா போடறாங்க. லிஸ்பன்ல விழா. போயிட்டு வரும்போது ஏர்போர்ட்ல நிறுத்திட்டா? என் பொண்ணு இங்கதானே இருக்கா."

அன்று வீட்டில் ஷ்யாமளா புலம்பியதைக் கணவர் கஸ்தூரிரங்கன் கேட்டார். கிரீன் கார்டுக்குப் பதினான்கு வருஷம் காத்திருந்தவருக்கு இதெல்லாம் அத்துப்படி.

"நீயா எதையும் ஃபில் பண்ணி வெச்சுடாதே. லாயர்கிட்ட சொல்லு. இமிக்ரேஷன் ஆபீஸ்ல பழைய ஃபைலோட காப்பி கேட்டா குடுப்பா."

ஐந்து மாதம் கழித்துக் காப்பி வந்தது. லாயர் ஆபீஸில் இடலீனா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நீயே படி."

ஷ்யாமளா புரட்டினாள். கைதானதுண்டா? 'ஆம்.' கீழே தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், அந்தோனியோவின் கையெழுத்து: 'பதினோரு நாள். என் மனைவி கவிஞர்.' பக்கத்தில் அதிகாரியின் ஒப்புதல் முத்திரை.

"ஆன்ட்டி, அவர் மறைக்கவே இல்ல. அப்பவே உண்மையை எழுதிட்டார்!"

இடலீனா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

"கழுதை! சிட்டிசன்ஷிப் வாங்கலாம்னு வருஷா வருஷம் கெஞ்சுவான். போர்ச்சுகல்காரியாவே இருக்கேன்னு சொல்லிடுவேன். ஊர்ப் பாசம்னு நினைச்சுட்டான் பாவி. பயம்னு நான் வாயே திறக்கலையே!"

செத்துப்போன மனிதரை வாய் வலிக்கத் திட்டினார். திட்டும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. லாயர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

விண்ணப்பம் போட்டபின் நடந்த குடியுரிமை நேர்காணலில் அதிகாரி கேட்டார்: "எதுக்கு அரெஸ்ட் பண்ணாங்க?"

"கவிதைக்கு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

இருபது நிமிஷத்தில் பாஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஷ்யாமளாவின் காரில் ஏறியதும் இடலீனா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

"புத்தகத்துல என் சொந்தப் பேரைப் போடச் சொல்லப்போறேன்."

"அந்தக் கவிதை இன்னும் ஞாபகம் இருக்கா ஆன்ட்டி?"

ஃப்ரீவேயில் கார் போய்க்கொண்டிருக்க, இடலீனா உரத்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். ஷ்யாமளாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மில்பிடாஸுக்குத் திரும்ப வேண்டிய எக்ஸிட் வந்தது. பாதியில் நிறுத்த மனமில்லாமல் அவள் நேராகவே ஓட்டினாள்.